புகைக்குக் காவல் நின்ற வேலை

1. அலாம் அடித்த மாலை

தொண்ணூறுகளில் ரொறன்ரோவில் ஒரு கல்லூரிக் கட்டடத்தில் பின்னேர ஷிஃப்ட் கிளீனராக வேலை செய்தேன். ஒருநாள் மொப் பண்ணிக்கொண்டிருக்கும்போது ஃபயர் அலாம் அடித்தது. எல்லோரும் பனிக்குள் ஓடினோம். ஃபயர் ட்ரக் வந்தது. நெருப்பு எங்கும் இல்லை. ஒரு வகுப்பறையில், சிப்பி ஒன்றுக்குள் காய்ந்த இலை கொஞ்சம் புகைந்துகொண்டிருந்தது.

அது இந்த நாட்டின் பூர்வகுடி மக்களைப் பற்றிய வகுப்பு. வெள்ளைக்காரர் வருமுன் எப்படி வாழ்ந்தார்கள், வந்தபின் என்ன நடந்தது என்று அடியிலிருந்து படிப்பிப்பது. படிப்பித்தவர் மார்லீன். ஒஜிப்வே இனத்தவர், வடக்கே பூர்வகுடிகளுக்கென்று ஒதுக்கிய ஒரு றிசேர்வில் பிறந்தவர், என்னைவிட மூத்தவர். வகுப்புத் தொடங்குமுன் சேஜ் என்ற வாசனை இலையைப் புகையவிட்டு, அந்தப் புகையைக் கையால் அள்ளி முகத்திலும் தலையிலும் பூசிக்கொள்வது அவர்களின் வழக்கம்.

என் சுப்பவைசர் டோனி கோபத்தில் நின்றார். அவர்கள் பேசியது இங்கிலிஷ்; நான் எங்கள் பேச்சில் எழுதுகிறேன்.

"இன்னொருக்கா அலாம் அடிச்சா இந்த றூம் உங்களுக்கு இல்லை. பார்க்கிங் லொட்டில போய்க் கொளுத்துங்கோ."

"சிகரெட் பத்திற ஆக்களோடையோ?" என்றார் மார்லீன். "என்ர அம்மா யன்னலைப் பூட்டி, கேர்ட்டினை இழுத்துவிட்டு ஒளிச்சுத்தான் இதைச் செய்தவ. எங்கட சடங்குகளைச் சட்டம் போட்டுத் தடுத்த காலம். நான் ஒளிக்கமாட்டன். புகை இல்லையெண்டா வகுப்பும் இல்லை."

சாமி அறையில் சாம்பிராணி போடாமல் வேலைக்கு வெளிக்கிடாதவன் நான். அந்தப் பேச்சு எனக்குச் சுட்டது.

2. சிவம் அண்ணையின் யோசனை

எங்கள் கோயில் அப்போது ஸ்காபரோவில் ஒரு வெயர்ஹவுஸ் யூனிற்றில் இருந்தது. கோயில் வேலைகளைப் பார்க்கும் சிவம் அண்ணையிடம் கேட்டேன்.

"அண்ணை, ஹோமம் செய்யேக்கை எங்கட அலாம் ஏன் அடிக்கிறேல்லை?"

"அடிச்சதடாப்பா. முதல் வருசம் ஐயர் மந்திரம் சொல்லச் சொல்ல ஃபயர்காரர் உள்ளுக்கு வந்திட்டினம். சப்பாத்தோடை. இப்ப முதலே அலாம் கொம்பனிக்குச் சொல்லி, அந்த இடத்து அலாமை மட்டும் நிப்பாட்டுவிப்பம். ஒரு ஆள் நெருப்பணைக்கிற எக்ஸ்ரிங்விஷரோடை காவல் நிக்கவேணும். புகை போனாப்பிறகு திருப்பிப் போடுவிக்கவேணும். அவ்வளவுதான்."

டோனியிடம் போய் அப்படியே சொன்னேன்.

"ஆர் காவல் நிக்கிறது?"

"நான் நிக்கிறன், போஸ்."

"அப்ப மொப்பை ஆர் பிடிக்கிறது, உங்கட கடவுளோ?"

"அதையும் நான்தான் பிடிக்கிறன். என்ர பிறேக்கில வந்து நிக்கிறன்."

டோனி சிரித்துவிட்டார். கெட்ட மனிதர் இல்லை. "இந்த ரேர்ம் முடியுமட்டும் பாப்பம். ஒருக்கா அடிச்சாலும் வகுப்பு முடிஞ்சுது."

3. கதவோரம் படித்த படிப்பு

இப்படித்தான் வாராவாரம் எக்ஸ்ரிங்விஷரைப் பிடித்துக்கொண்டு அந்தக் கதவோரம் நின்றேன். முதல் நாள் மார்லீன் கேட்டார்: "நீ இந்தியனோ?"

"இல்லை, மிஸ். சிறிலங்கா."

"நானும் இந்தியன் இல்லை. ஆனா எங்கட சனத்துக்குக் கவண்மேந்து தந்த கார்டில 'இந்தியன்' எண்டுதான் கிடக்குது."

வகுப்பே சிரித்தது.

புகை அடங்க நேரம் எடுக்கும். அந்த நேரத்தில்தான் நான் படித்தேன். ஊரில் எட்டாம் வகுப்போடு நின்றவன். இந்த நகரத்தின் சில பழைய வீதிகள் பூர்வகுடிகள் நடந்த பாதைகள் என்றார் மார்லீன். ஏரிக்கும் ஏரிக்கும் இடையில் வள்ளத்தைத் தோளில் தூக்கிப் போய் வியாபாரம் செய்தார்களாம். இந்த நிலத்தை வாங்கினோம் என்று வெள்ளைக்காரர் சொல்ல, நாங்கள் விற்கவில்லை என்று இந்த இடத்துப் பூர்வகுடிகளான மிசிசாகா மக்கள் சொல்கிறார்களாம். மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு, மரவள்ளி எல்லாம் இந்தக் கண்டங்களின் பூர்வகுடிகள் பயிராக்கி உலகத்துக்குக் கொடுத்தவை என்றபோது என்னால் வாயை மூடிக்கொண்டு நிற்க முடியவில்லை.

"மிஸ், மிளகாயுமோ?"

"மிளகாயும்தான். தெற்கில இருக்கிற எங்கட சனம்."

"அப்ப அதுக்கு முதல் நாங்கள் என்னத்தைப் போட்டுக் கறி வைச்சனாங்கள்?"

"அதை உன்ர மனுசியிட்டைக் கேள்."

கேட்டேன். "மிளகு," என்றா மனுசி. "உதைக் கேக்கவோ கனடாவில பள்ளிக்கூடம் போறியள்?"

இன்னொரு நாள் மார்லீன் தன் பள்ளிக்கூடத்தைப் பற்றிச் சொன்னார். சிறுபிள்ளையாக வீட்டிலிருந்து கொண்டுபோய், பின்னலை வெட்டி, சொந்தப் பாஷை பேசக்கூடாது என்று வைத்த பள்ளிக்கூடம். வேலிக்கு அந்தப் பக்கம், பையன்களின் முற்றத்தில் நின்ற தம்பியோடு தங்கள் பாஷையில் கதைத்ததற்கு அடித்தார்களாம். தம்பி அந்தப் பள்ளிக்கூடத்திலிருந்து வீடு திரும்பவே இல்லை. அதை அவர் அழாமல் சொன்னார். அன்றைக்குப் புகை அடங்கிய பிறகும் எனக்கு வெளியே போக மனம் வரவில்லை.

4. இடது கை

கடைசி வகுப்புவரை அலாம் அடிக்கவில்லை. அன்று டோனி வந்து, "அடுத்த ரேர்மும் றூம் உங்களுக்குத்தான். காவல்காரனையும் சேத்து எடுங்கோ," என்றார். மார்லீன் நன்றி சொல்ல என்னிடம் வந்தார். நான் முந்திக்கொண்டேன்.

பெரியவர்களிடம் ஒன்று கேட்பதானால் கொஞ்சம் புகையிலை கொடுத்துக் கேட்பது அவர்களின் முறை. அது வகுப்பில் படித்தது. கொண்டுவந்திருந்த புகையிலைப் பொதியை வலது கையில் வைத்து, முழங்கையை மற்றக் கையால் தொட்டுக்கொண்டு மரியாதையாக நீட்டினேன். அவர் இடது கையை நீட்டினார். எனக்கு முகம் கறுத்துவிட்டது. ஏதும் பிழை விட்டேனோ என்று அப்படியே நின்றேன்.

"ஏன் தரப் பயப்பிடுறாய்?"

"எங்கட ஆக்கள் இடது கையால ஒண்டும் குடுக்கிறதுமில்லை, வாங்கிறதுமில்லை, மிஸ்."

"இதயம் இந்தப் பக்கம்தானே இருக்குது. அதாலதான் இந்தக் கை."

பொதியை இடது கைக்கு மாற்றிக் கொடுத்தேன். என் வாழ்நாளில் ஒரு பெரியவருக்கு அப்படிக் கொடுத்தது அதுதான் முதல் தடவை.

"இந்த நாட்டுக்கு வரேக்கை இமிகிரேசனில கனக்கக் கேட்டவை," என்றேன். "ஆனா உங்களிட்டைக் கேக்கச் சொல்லி ஒருத்தரும் சொல்லேல்லை. நானும் மனுசி பிள்ளையளும் இஞ்சை இருக்கலாமோ?"

அவர் பொதியை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தார்.

"எங்கட சனம் எல்லாருக்குமாச் சேத்து நான் ஒருத்தி சொல்லேலாது. என்ர பங்குக்குச் சொல்லுறன். இருங்கோ. ஆனா இது ஆரின்ர இடம் எண்டு பிள்ளையளுக்குச் சொல்லிக் குடுங்கோ."

சொல்லிக் கொடுத்திருக்கிறேன். புதிதாக வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கும் அதையே சொல்வேன். வேலை தந்தவருக்கு நன்றி சொல்லுங்கள். நிற்கிற நிலத்துக்கு உரியவர்களையும் விசாரியுங்கள். காலையில் விளக்கேற்றி முருகனுக்கு நன்றி சொன்ன பிறகு, இந்த மண்ணின் சனத்துக்கும் ஒரு நன்றி சொல்லிவிட்டுத்தான் எழும்புவேன். கும்பிடும்போது இரண்டு கையும்தானே சேருகிறது.