ஐந்தாவது பிளாட்பாரம் என்று சொன்ன நாள்

நான் வாயைத் திறந்தால் ஒரு கூட்டமே எழுந்து நடக்கும். சென்னையின் பெரிய ரயில் நிலையத்தில் அனவுன்ஸராக இருந்தேன். இந்தப் பெருமையை நானே அடித்துக்கொள்ளாவிட்டால் வேறு யார் அடித்துக்கொள்வார்கள்? கம்ப்யூட்டர் குரல் வந்த பிறகும், பிளாட்பாரம் மாறினால் மைக்கை நாங்கள்தான் பிடிக்க வேண்டும்.

வீடு கும்மிடிப்பூண்டியில். காலை லோக்கலில் ஏறி ஜன்னலில் தலை சாய்த்தால், பொன்னேரி, மீஞ்சூர் எல்லாம் பாதிக் கனவில் போகும். பனியில் வயல்கள் மிதக்கும். அத்திப்பட்டு அனல்மின் நிலையப் புகைபோக்கிகள் தரையே இல்லாமல் நிற்கும். அந்த மயக்கம் மைக் வரைக்கும் கூடவே வரும். என் குரல் கூரையில் பட்டுத் திரும்பி வருவதை நானே ரசித்துக்கொண்டிருப்பேன். வினை அங்கேதான் இருந்தது.

அன்று லோக்கலில் எதிர் சீட்டில் எளாவூர் ரோஸி. தொழிற்பேட்டையில் பேக்கிங் வேலை செய்பவள், பல வருடப் பழக்கம். பக்கத்தில் மகள் கவிதா, மடியில் பெட்டி. விஜயவாடாவில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை கிடைத்திருந்தது. அன்று மாலைக்குள் சேராவிட்டால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும்.

"எங்க ஏர்றதுன்னே தெரிலக்கா. ஒரே பேஜாரா கீது," என்றாள் ரோஸி.

"நான்தான் மைக்ல சொல்லப்போறேன். என் கொரலக் கேட்டு நில்லு, போதும்."

விஜயவாடா வண்டி வழக்கமாக ஐந்தாவது பிளாட்பாரத்தில் நிற்கும். அன்று ஒன்பதுக்கு மாற்றியிருந்தார்கள். எழுதிய தாள் என் கண்ணெதிரே இருந்தது. வாய், பழக்க தோஷத்தில் ஐந்து என்றது. மூன்று மொழியிலும் அழகாகவே சொன்னேன்.

கண்ட்ரோலிலிருந்து போன் வந்தபோது வண்டி கிளம்பப் பத்து நிமிடம். எங்கள் ஆபீஸில் ஒரு வழக்கம் உண்டு: தவறு என்ற சொல் மைக்கில் வரக்கூடாது. சரியான எண்ணை மட்டும் குழைவாகச் சொல்ல வேண்டும். சொன்னேன். கேமரா திரையில் கூட்டம் எழுந்து ஓடியது. ஐந்தாவது பிளாட்பாரத்தில் இரண்டு பேர் மட்டும் அசையவில்லை. கவிதா பெட்டியைத் தூக்குகிறாள். ரோஸி கையைப் பிடித்து உட்கார வைக்கிறாள்.

மறுபடியும் ஒன்பது என்றேன். அவர்கள் எழவில்லை. நான்கு நிமிடம்தான் மிச்சம்.

"ஏ எளாவூர் ரோஸி! நான் தப்பா சொல்லிட்டேன்டி! அஞ்சு இல்ல, ஒம்போது! பொண்ண இட்டுக்கினு ஓடு!"

ஸ்டேஷனே நின்று அண்ணாந்து பார்த்தது. இருவரும் ஓடினார்கள். ஒன்பதாவது பிளாட்பாரக் கேமராவில், முதலில் பெட்டி ஏறியது, பிறகு கவிதா ஏறினாள். வண்டி நகர்ந்தது. நான் நாற்காலியில் உட்கார்ந்து அழுதேன்.

"இது ஸ்டேஷனா, மீன் மார்க்கெட்டாம்மா?" என்று கேட்டு சூப்பர்வைசர் என் கையில் மெமோவைத் திணித்தார்.

எனக்காகக் காத்திருந்து மாலை லோக்கலில் கூடவே ஏறிய ரோஸியிடம் சண்டைக்கே போனேன். "ரெண்டு வாட்டி ஒம்போதுன்னு சொன்னேனே, காதுல வுழல?"

"வுழுந்திச்சிக்கா. அஞ்சுன்னப்பவும் இனிப்பா சொன்ன, ஒம்போதுன்னப்பவும் அதே இனிப்பு. எது நெசம்னு எனக்கு இன்னா தெரியும்?"

மைக் பிடிக்க வரும் பிள்ளைகளே, சரியானதைச் சொல்வதற்கு முன், முன்னே சொன்னது தவறு என்று சொல்லிவிடுங்கள். அந்த நாளுக்குப் பிறகு அப்படிச் சொல்லாமல் நான் ஒரு பிளாட்பாரத்தையும் மாற்றியதில்லை. அதற்காக வாங்கிய மெமோக்கள் ஏழு. பத்திரமாக வைத்திருக்கிறேன்.