அலுமாரிக்குள் நின்ற கல்யாணக் கார்

யோகராஜுக்குக் காரில் ஏறினால் வாந்தி வரும். சின்ன வயதில் தோட்டத்தில் மருந்து கொடுக்கிற டிஸ்பென்சர் ஐயாவின் காரில் முதன்முதலாக ஏறி, அவருடைய வெள்ளைச் சட்டையை நாசமாக்கிய நாளில் தொடங்கியது அது. சீட்டு வாடை மூக்கில் பட்டாலே போதும், வயிறு புரளும். கட்டுகஸ்தோட்டையிலிருந்து கண்டிக்கு வேலைக்குப் போகும்போதும் பஸ் வாசலையொட்டி நின்று காற்று வாங்கிக்கொண்டுதான் போவார். ஆனால் கார்களைப் பார்ப்பதென்றால் உயிர். ஆகவே, யாரும் ஏறவே முடியாத கார்களாகப் பார்த்துச் சேர்க்க ஆரம்பித்தார்.

எல்லாம் உள்ளங்கையில் அடங்கும் இரும்புக் கார்கள். கதவு திறக்கும், டயர் சுற்றும். கண்ணாடிக் கடையில் மூக்குக்கண்ணாடிக்கு வில்லை தேய்க்கிற வேலை அவருக்கு. நாள் முழுக்கச் சின்னதைப் பெரிதாகப் பார்த்துப் பழகிய கண். அந்தக் கண்ணோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை, குளியலறைக்குப் பின்னால் பாசி படர்ந்த கல்லில் ஒரு காரை நிறுத்தி, போனைத் தலைகீழாகப் பிடித்து, காமரா தரையை உரசுகிற மாதிரி வைத்துப் படம் எடுத்தார். பார்த்தால் பாசி புல்வெளியாகிவிட்டது. கல் மலையாகிவிட்டது. கார் கண்டியிலிருந்து நுவரெலியாவுக்குப் போய்க்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகு அவரைப் பிடிக்க முடியவில்லை. வடித்த தேயிலைச் சக்கையைக் காயவைத்து மண் ரோடு போட்டார். ஊதுபத்திப் புகையில் பனிமூட்டம் வந்தது. மனைவி புஷ்பலதா உடுப்பு மினுக்கும்போது சுருக்கம் போகத் தண்ணீர் தெளிக்கிற போத்தல் மழை பெய்யப் போய்விட்டது.

"சாம்பிராணி காட்ட இருந்தத எல்லாம் எரிச்சிட்டு, பனி பெய்யுதாம் பனி" என்று அவள் கத்தினாள். ஆனாலும் படத்தைக் காட்டியபோது, "இது எந்த எஸ்டேட்டு?" என்றுதான் கேட்டாள்.

வெளியிலும் எடுத்தார். மகாவலிப் பாலத்தடியில் குப்புறப் படுத்துக் கிடந்தவரைப் பார்த்து, வலிப்பு வந்துவிட்டதென்று ஒரு த்ரீவீலர்க்காரர் ஓடிவந்து சாவிக்கொத்தைக் கையில் திணித்தார். யோகராஜ் மறுக்கவில்லை. வெளிச்சம் போய்விடுமே என்று, சாவியை இறுக்கிப் பிடித்தபடியே இன்னும் ரெண்டு படம் எடுத்துவிட்டுத்தான் எழுந்தார்.

படங்களை இணையத்தில் போடச் சொன்னவன் மடவளை ஷப்ராஸ். போன் கவர் விற்கிறவன், அவனும் பொம்மைக் கார் பைத்தியம். "பேஜுக்குக் 'கண்டி கராஜ்'னு பேர் வைங்க அண்ணே. பொம்மைண்டு மட்டும் எழுதிராதீங்க. எழுதினா ஒருத்தனும் பாக்க மாட்டான்" என்றான்.

வெளிநாட்டு வாகனம் வராமல் நின்றுபோய், பழைய கார்களைக்கூடச் சனம் பெருமூச்சோடு பார்த்த காலம் அது. கண்டி கராஜுக்குக் கூட்டம் அள்ளிக்கொண்டு வந்தது. முக்கியமாக அந்தச் சிவப்புக் கார். வட்ட முகப்பு விளக்கும் குண்டுக் கன்னமுமாக, பழைய இங்கிலீஷ் கார்.

"எஞ்சின் பழசேதானா?" என்று ஒருவர் கேட்டிருந்தார்.

யோகராஜுக்குப் பொய் சொல்லப் பிடிக்காது. "இதுக்கு எஞ்சினே இல்லை" என்று எழுதினார்.

உடனே மாவனல்லையில் ஒருவரிடம் நல்ல எஞ்சின் இருப்பதாக நம்பர் வந்தது.

"லிட்டருக்கு எவ்வளவு ஓடும்?"

"பெட்ரோலே தேவையில்லை."

கரண்டில் ஓட மாற்றிவிட்டார் போலிருக்கிறது என்று பாதிப் பேர் கைதட்டினார்கள். பழைய காரை இப்படிப் பாழாக்கலாமா என்று மீதிப் பேர் திட்டினார்கள். அட்டனில் இருந்த புஷ்பலதாவின் அக்கா, இத்தனை கார் வைத்துக்கொண்டு திருவிழாவுக்கு ஒன்றிலாவது வந்தார்களா என்று பேச்சை நிறுத்திக்கொண்டாள்.

இப்படி இருக்கையில்தான் திகனவிலிருந்து செல்லப்பா வந்தார். தேயிலைப் பெக்டரியில் சூப்பர்வைசராக இருந்து ஓய்ந்தவர். யோகராஜின் வீட்டுக்கு ரோட்டிலிருந்து செங்குத்தான படிக்கட்டில் இறங்கித்தான் வர வேண்டும். மூச்சு வாங்க இறங்கி வந்தவர், சுற்றிமுற்றிப் பார்த்தார்.

"தம்பி, மக நிலூஷாவுக்குக் கல்யாணம். மாப்பிள்ள யாழ்ப்பாணத்துக் குடும்பம். பேராதனையில இருக்காங்க. பொண்ணு எந்தக் கார்ல வரும்னு சம்பந்தி கேட்டாரு. ஒங்க பேஜில உள்ள செவப்புக் கார்ல வரும்னு சொல்லிப்புட்டேன். நீங்க இல்லேன்னு சொல்ல மாட்டீங்க."

"ஐயா, அது..."

"கராஜ் எங்கங்க இருக்கு?"

யோகராஜ் அலுமாரியைக் காட்டினார். "கார் அலுமாரிக்குள்ள இருக்குங்க."

செல்லப்பா சிரித்தார். யோகராஜ் சிரிக்கவில்லை. அலுமாரியைத் திறந்து, சிவப்புக் காரை எடுத்து அவர் கையில் வைத்தார். செல்லப்பா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், கதவைத் திறந்து மூடினார், திருப்தியாகத் தலையாட்டினார்.

"சாம்பிள் நல்லாத்தான் இருக்கு. பெருச எப்ப கொண்டு வருவீங்க?"

பெரிசு என்று ஒன்று இல்லை என்பதை விளங்கப்படுத்த ஒரு தேத்தண்ணி முடிந்து, இரண்டாவது தேத்தண்ணியும் ஆறிப்போனது. விளங்கியதும் செல்லப்பா கதிரையில் சாய்ந்துவிட்டார்.

"எங்க சம்பந்திட அப்பாவும் இதே மாதிரி கார் வச்சிருந்தாராம் தம்பி. படத்தப் பாத்துட்டு மனுசன் கண்கலங்கிட்டாரு. இப்ப நான் போயி என்னான்னு சொல்லுவேன்? வேற கார் தேடலாம்னா, இங்க வர முந்தியே விசாரிச்சுப் பாத்தேன், செவப்புல இப்பிடி ஒண்ணு கண்டியிலயே இல்லையாம். சொன்னவங்ககிட்ட, அப்ப ஒங்க பேஜில இருக்கிறது எதுன்னு கேட்டேன்."

அவர் படியேறிப் போவதைப் பார்க்க யோகராஜுக்கு என்னவோ செய்தது. தான் ஒரு பொய்யும் சொல்லவில்லை என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தார். சமாதானம் ஆகவில்லை. அடுத்த நாள் கடையில் ஒருவருடைய வலதுகண் வில்லையை இடதுகண்ணுக்குப் போட்டுக் கொடுத்துவிட்டு ஏச்சு வாங்கினார்.

அன்று பின்னேரம் நிலூஷாவே போன் எடுத்தாள்.

"அங்கிள், அப்பா எல்லாம் சொன்னாரு. நீங்க ஏன் காரைப் பெருசாக்கப் பாக்குறீங்க? எங்கள சின்னதாக்குங்க."

யோகராஜுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியபோது, கையில் இருந்த கண்ணாடிச் சட்டத்தைக் கீழே போட்டுவிட்டார். காரைப் போனுக்குக் கிட்ட வைத்து, மாப்பிள்ளை பொண்ணை வெகுதூரம் தள்ளி நிறுத்தினால், படத்தில் காருக்குப் பக்கத்தில் நிற்கிற மாதிரித் தெரியும்! இத்தனை நாள் தேயிலைச் சக்கையில் உருண்டு கிடந்தவருக்கு இது தோன்றவே இல்லை.

சம்பந்தி விவேகானந்தனிடம் செல்லப்பா பட்டும் படாமலும் சொல்லி வைத்தார். "ரொம்பப் பழைய காருங்க. ரோட்டுக்கு எடுத்தா தாங்காது. போட்டோவுக்கு மட்டும் நிக்கும்."

கல்யாணத்தன்று பொண்ணு திகன மண்டபத்துக்கு, வாடகைக்குப் பிடித்த வான் ஒன்றில் வந்தாள். தாலி கட்டி முடிந்து சாப்பாட்டுக்கு முன்னால், மண்டபத்துக்குப் பின்னே இருந்த புல்வெளிக்கு நிலூஷாவும் மாப்பிள்ளை ஆரணனும் போனார்கள். அங்கே யோகராஜ் மூன்று பிளாஸ்டிக் கதிரைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மேலே பலகை வைத்து, பலகையில் மண்ணும் புல்லும் பரப்பிச் சிவப்புக் காரை நிறுத்தியிருந்தார். புஷ்பலதாவும் வந்திருந்தாள். தண்ணீர்ப் போத்தலை அவள் யாரிடமும் கொடுக்கவில்லை.

"இன்னும் பின்னால போங்க! இன்னும்! மாப்பிள்ள, இப்ப கதவத் திறங்க!"

ஆரணன் காற்றைப் பிடித்துத் திறந்தான்.

"அவ்வளவு மேல இல்ல, கைப்பிடி இடுப்புக்கிட்ட! தங்கச்சி, பொனெட்டுல கைய வைங்க. ஐயோ, கை கண்ணாடிக்குள்ள போயிருச்சி, எடுங்க எடுங்க!"

வேடிக்கை பார்க்கக் கூட்டம் சேர்ந்தது. பட்டு வேட்டியில் மாப்பிள்ளை வெறும் வெளியைத் திறந்து மூடுவதைப் பார்த்து, அவனுடைய பெரியம்மா ஒருத்தி திருநீறு எடுக்க உள்ளே ஓடினாள். அப்போதுதான் விவேகானந்தன் வந்தார்.

"கார் எங்கை?"

யோகராஜ் போனை நீட்டினார். திரையில் சிவப்புக் கார் வெயிலில் மினுங்கிக்கொண்டு நின்றது. அதில் சாய்ந்தபடி மகனும் மருமகளும். விவேகானந்தன் தலையை நிமிர்த்திப் புல்வெளியைப் பார்த்தார். கார் இல்லை. திரையைப் பார்த்தார். இருந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு முறை பார்த்தார். செல்லப்பா மன்னிப்புக் கேட்க முன்னால் வந்தார்.

"தம்பி" என்றார் விவேகானந்தன் மெதுவாக. "நான் ஓட்டுற மாதிரி எடுக்கேலுமோ?"

"எடுக்கலாங்க. ஆனா நீங்க ஒக்காரணும்."

"ஓம், இருக்கிறன். ஒரு கதிரை தாங்கோ."

வெயிலில், நடுப்புல்லில், வேட்டி சால்வையோடு பிளாஸ்டிக் கதிரையில் அமர்ந்து அவர் இரண்டு கையாலும் காற்றைச் சுற்றினார். ஹோர்ன் அடிக்கிற பழக்கம் கைக்கு வந்து, வாயாலும் "பாம் பாம்" என்றார். "பழைய கார் தானே, ஸ்டியரிங் கொஞ்சம் இறுக்கம்" என்று கூட்டத்துக்கு விளக்கமும் சொன்னார். யோகராஜ் ஒரு படம் எடுத்துவிட்டு, அடுத்ததற்காகப் போனைச் சரிபார்க்கக் குனிந்தார்.

மாமரத்திலிருந்து இறங்கிய குரங்கு பலகையில் குதித்ததும் காரைத் தூக்கியதும் ஒரே நொடியில் நடந்தது.

"ஐயோ, காரைக் களவெடுத்திட்டுது!" என்று விவேகானந்தன் கதிரையிலிருந்து எழும்பிக் கத்தினார்.

மண்டபத்துக்குள் சாப்பாட்டில் இருந்தவர்களுக்குக் கேட்டது 'கார்', 'களவு' என்ற இரண்டு சொற்கள்தான். கல்யாணக் காரை எவனோ கடத்திவிட்டான் என்று இலையை விட்டு எழுந்து ரோட்டுக்கு ஓடினார்கள். மாப்பிள்ளை வீட்டுப் பையன்கள் மோட்டார் சைக்கிளில் கண்டிப் பக்கம் ஒன்றும் தெல்தெனியப் பக்கம் ஒன்றுமாகப் பறந்தார்கள். சந்தியில் நின்ற பொலிஸ்காரரை யாரோ கையோடு கூட்டி வந்துவிட்டார்கள்.

"வாகனம் என்ன நெறம்?" என்று அவர் தனக்குத் தெரிந்த தமிழில் கேட்டார்.

"செவப்பு" என்றார் யோகராஜ்.

"எந்தப் பக்கம் போச்சு?"

யோகராஜ் விரலை நீட்டினார். "மேல."

பொலிஸ்காரர் மேலே பார்த்தார். உச்சிக்கிளையில் குரங்கு காரின் பொனெட்டைக் கடித்துக்கொண்டிருந்தது. அவர் நிதானமாகத் தொப்பியைக் கழற்றினார். சிரிப்பார் என்று எல்லோரும் நினைத்தார்கள். "வாழப்பழம் இருக்கா?" என்று கேட்டார்.

கல்யாண வீட்டில் வாழைப்பழத்துக்கா பஞ்சம்? ஒரு சீப்பைக் காட்டியதும் குரங்கு காரை விட்டது. கார் கிளைகிளையாக மோதி, கடைசியில் மரத்தடிக் கல்லில் 'ணங்' என்று விழுந்தது. யோகராஜ் ஓடிப்போய்க் கையில் எடுத்தார். கூரை நசுங்கி, ஒரு சக்கரம் கழன்று, பொனெட்டில் பல் தடம். கண்ணில் நீர் வந்துவிட்டது அவருக்கு. பக்கத்தில் வந்து நின்ற விவேகானந்தனுக்கும் வந்தது. இரண்டு பேரும் சாவு வீட்டில் நிற்கிற மாதிரி நின்றார்கள். புஷ்பலதா மட்டும் புல்லைத் துழாவித் துழாவிச் சக்கரத்தைக் கண்டெடுத்துச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டாள்.

நசுங்கிய காரை அந்தக் கல்லடியிலேயே வைத்து யோகராஜ் ஒரு படம் எடுத்தார். "இன்று திகனவில்" என்று மட்டும் எழுதிப் பேஜில் போட்டார். உயிர்ச்சேதம் ஏதும் உண்டா என்று இலங்கை முழுவதிலுமிருந்து விசாரித்தார்கள். காப்புறுதி முகவர் ஒருவர் போன் எடுத்தார். யோகராஜுக்கு இனித் தாங்காது என்றாகி, எல்லாம் பொம்மைதான் என்று உண்மையை நீளமாக எழுதிப் போட்டார். அதிர்ச்சியில் மனிதர் குழம்பிப்போயிருக்கிறார், ஓய்வெடுக்கட்டும் என்று அதற்குக் கீழே ஆறுதல் சொன்னார்கள்.

விவேகானந்தன் கார் ஓட்டும் படம் பேராதனை வீட்டு ஹோலில் பெரிதாகச் சட்டம் போட்டுத் தொங்குகிறது. வருகிறவர்களிடம் அந்தப் பயணத்தைப் பற்றிப் பேசுவார். எங்கே போனார் என்பதை மட்டும் சொல்வதில்லை. நிலூஷாவைப் பார்க்கப் போகிற போதெல்லாம் செல்லப்பாவும் அந்தக் கதையை முதல் தடவை கேட்கிற மாதிரிக் கேட்டுவிட்டு வருகிறார்.

யோகராஜை இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டில் பிடிக்க முடியாது. பிஸ்கட் டின்னில் கார்களை அடுக்கிக்கொண்டு கல்யாணத்துக்கும் பூப்புனித நீராட்டுக்கும் போய்வருகிறார். போன மாதம் கண்டியில் ஒரு பல் டாக்டர், தன் வீட்டுக்கு முன்னால் நின்ற சொந்தக் காரைப் போலவே ஒரு பொம்மையை எங்கோ தேடி வாங்கி வைத்துக்கொண்டு கூப்பிட்டிருந்தார்.

"சேர், நெசக் காரே நிக்குதே?" என்றார் யோகராஜ்.

"அதில எடுத்துப் பார்த்தம். உங்கட படத்தில வாற எடுப்பு வரேல்ல" என்ற டாக்டர், படத்தில் விழுந்துவிடப் போகிறதென்று நிசக் காரைப் பின்னால் எடுக்கச் சொல்லி டிரைவருக்குக் கை காட்டினார்.

யோகராஜ் புல்லில் குப்புறப் படுத்தார்.