மாப்பிள்ளை அழைப்புக் காரும் ஞானப்பிரகாசம் சாரும்

ஞானப்பிரகாசம் சார் தவறிவிட்டார் என்ற செய்தி எங்கள் மாடல் கார் குழுவின் வாட்ஸ்அப்பில் வந்தபோது, நான் பெரம்பலூரில் என் ஸ்டிக்கர் கடையின் பின்னறையில் ஒரு குட்டிக் காருக்குக் கடைசிப் பூச்சு அடித்துக்கொண்டிருந்தேன். பாதியில் நிறுத்தினால் திட்டுத் திட்டாகிவிடும். அடித்து முடித்துவிட்டுத்தான் 'ஆழ்ந்த இரங்கல்' என்று போட்டேன். அவராக இருந்தால் அதைக்கூடப் போட்டிருக்க மாட்டார்.

முப்பதாம் நாள் திருப்பலியன்று அவர் நினைவாகச் சின்ன மலர் ஒன்று கொண்டுவருகிறார்கள். குழுவை நடத்தும் சதீஷ், "அக்கா, சாரப் பத்தி நல்லதா நாலு வரி எழுதிக் குடுங்க" என்றான். "நல்லதாவா, உள்ளதாவா?" என்று கேட்டேன். "உங்க இஷ்டம்க்கா" என்றான். ஆகவே, அவரை அறிந்தவர்களே, உள்ளதை எழுதுகிறேன். எனக்கு அவரைப் பிடிக்காது. அவருக்கும் என்னைப் பிடிக்காது. இதில் மட்டும் எங்களுக்குள் கருத்து வேறுபாடு இருந்ததில்லை.

முதன்முதலில் அவரைப் பார்த்தது அரியலூரில், எங்கள் குழுவின் கண்காட்சியில். மண்பாதையில் ஓடும் ராலி பந்தயக் கார் ஒன்றை, உள்ளங்கையில் அடங்கும் அளவில் செய்து கொண்டுபோயிருந்தேன். நீலமும் மஞ்சளுமாகப் பளபளவென்று இருந்தது. கதவிலிருந்த எழுத்துகளை நானே வெட்டி ஒட்டியிருந்தேன். சிமெண்ட் ஆலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வுபெற்ற சார், மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அதைக் குனிந்து பார்த்தார்.

"என்னம்மா இது, ராலி காரா? மாப்பிள்ளை அழைப்புக்குப் போற காரு மாதிரில்ல இருக்கு."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அதோடு விட்டிருந்தால் மறந்திருப்பேன். அவர் தன் பெட்டியிலிருந்து செம்மண் தூளை எடுத்துத் தண்ணீரில் குழைத்து, தூரிகையால் தொட்டு, என் காரின் கதவில் ஒரு இழுப்பு இழுத்தார்.

"சார், கேட்டுட்டுத் தொடணும்!"

"கேட்டா குடுத்திருப்பியா?"

வீட்டுக்கு வந்து துடைத்துப் பார்த்தேன். எழுத்தோரங்களில் புகுந்த சிவப்பு போகவே இல்லை.

அன்றிலிருந்து அழுக்கைப் படிக்கத் தொடங்கினேன். ஆசையால் அல்ல, ஆத்திரத்தால். ரெட்டிபாளையம் சாலையோரம் வண்டியை நிறுத்திவிட்டு, சுண்ணாம்புக்கல் ஏற்றிவரும் லாரிகளைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். சக்கரம் வாரி அடிக்கும் சேறு எந்தக் கோணத்தில் தெறிக்கிறது, புழுதி எங்கே படிகிறது, வைப்பர் துடைத்த இடம் எப்படி விசிறி போல விலகித் தெரிகிறது என்று பார்த்தேன். பஞ்சு நுனியில் சாயம் தொட்டு ஒற்றி, கல்லடி பட்ட கீறல் போடப் பழகினேன்.

அப்படிப் பார்த்துப் பழகிய கண்ணோடு, அடுத்த கூட்டத்தில் எல்லாரும் மெச்சிய அவருடைய காரைப் பார்த்தேன். முன்பக்கம் முழுக்கச் சேறு. பின்கண்ணாடி துடைத்து வைத்தது போல இருந்தது.

"சார், ஓடுற வண்டி கெளப்புற புழுதி சுழண்டு வந்து பின்னாடிதானே அப்பும்? உங்க காரு என்ன, ரிவர்ஸ்லயே பந்தயம் ஓடுச்சா?"

இந்த முறை சிரிப்பு என் பக்கம். அவர் முகம் சுண்டிப்போனது. "லாரியப் பாத்துட்டு வந்து காரப் பத்திப் பேசாத" என்றார். அதற்கடுத்த கண்காட்சியில் அதே காரின் பின்கண்ணாடியில் புழுதி அப்பியிருந்தது. வந்தவர்களிடம், "இத எவனும் கவனிக்கல. நானாத்தான் கண்டுபிடிச்சேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் இரண்டடி தள்ளி நின்றுகொண்டிருந்தேன் என்பது அவருக்குத் தெரியும்.

இவ்வளவும் சில்லறைச் சண்டை. அடுத்தது அப்படியல்ல. திருச்சியில் ஒரு முன்னாள் ராலி ஓட்டுநர் இருக்கிறார். விபத்துக்குப் பிறகு நடமாட்டம் குறைந்துபோனவர். தான் ஓட்டிய காரை அப்படியே சிறிதாகச் செய்து மேசையில் வைத்துக்கொள்ள ஆசைப்பட்டு, என் கார் ஒன்றின் படத்தைப் பார்த்து என்னை விசாரித்திருக்கிறார். குழுவில் மூத்தவர் என்பதால் அந்த அழைப்பு போய்ச் சேர்ந்தது ஞானப்பிரகாசம் சாரிடம். "அந்தப் பொண்ணா? அதெல்லாம் விட்டுருச்சுங்க. நானே செஞ்சு தரேன்" என்று சொல்லிவிட்டார்.

பின்னால் ஓட்டுநரே ஏதோ ஸ்டிக்கர் விஷயமாக என் கடைக்குப் போன் செய்து, 'கார் செய்றத விட்டுட்டீங்களாமே' என்று கேட்டபோதுதான் எனக்கு விஷயம் தெரிந்தது. கடையைச் சாத்திவிட்டு நேரே பஸ் ஏறி அரியலூர் போனேன். அவர் மறுப்பார் என்று நினைத்தேன்.

"ஆமா, சொன்னேன். அந்தக் கார நான்தான் செய்யணும். நோவு வந்துருச்சும்மா. இனிமே ஒண்ணு செய்ய முடியுமான்னு தெரியல."

"அதுக்காக நான் விட்டுட்டேன்னு சொல்வீங்களா?"

கையை நீட்டிக் காட்டினார். விரல்கள் நடுங்கின. "கதவுல எழுத்து நிக்க மாட்டேங்குது. அத மட்டும் நீ போட்டுக் குடு."

"போடுறேன். என் பேரும் காருக்குக் கீழ இருக்கணும்."

"என் காருல உன் பேரா? போயிட்டு வா."

வந்துவிட்டேன். அதற்காக இன்றுவரை வருந்தவில்லை.

அடக்கம் ஏலாக்குறிச்சியில் நடந்தது. போயிருந்தேன். எல்லாம் முடிந்தபின் அவர் மகள் மேரி ஒரு அட்டைப்பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்தாள். உள்ளே ஓட்டுநரின் கார். எழுத்து இல்லை, மண்ணும் ஏற்றவில்லை. கதவில் மட்டும் பூச்சு கரைந்து வெறும் பிளாஸ்டிக் தெரிந்தது. எழுதியிருக்கிறார், கோணலாக வந்திருக்கிறது, தின்னர் தொட்டு அழித்திருக்கிறார், திரும்பத் திரும்ப. அந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தேன், பாவமாக இருந்தது. கோபம் குறைந்தது என்று நினைக்க வேண்டாம். இரண்டும் ஒன்றாகவே இருந்தன.

"அக்கா, இத முடிச்சு, அப்பா பேரு மட்டும் போட்டுக் குடுத்துருவீங்களா?"

"மாட்டேன் மேரி. ரெண்டு பேரு பேரும் இருக்கும்."

"அவரு இருந்திருந்தா ஒத்துக்க மாட்டாரு."

"தெரியும்."

அவள் பெட்டியை மூடி, சணல் கட்டி, என் கையில் வைத்தாள்.

முடித்துவிட்டுப் படத்தைக் குழுவில் போட்டேன். எல்லாரும் 'சூப்பர்க்கா' என்றார்கள். 'லேடீஸ் செஞ்சதுன்னு நம்பவே முடியல' என்று வழக்கம்போல ஒருவர் எழுதினார். ஞானப்பிரகாசம் சார் அந்த வார்த்தையை ஒருநாளும் என்னிடம் சொன்னதில்லை. அப்படிச் சொன்ன ஒருவரை என் முன்னாலேயே, "யாரு செஞ்சா என்னய்யா, தப்பு தப்புதான்" என்று வாயடைக்க வைத்திருக்கிறார். அவரைப் பற்றி நல்லதாக ஒரு வரி வேண்டுமென்றால், சதீஷ், இதை எடுத்துக்கொள்.

பாராட்டுகளைப் படித்த பிறகு தூக்கம் பிடிக்கவில்லை. காலையில் காரைத் திரும்ப எடுத்து வைத்துப் பார்த்தேன். சக்கரங்கள் நான்கிலும் ஒரே அளவு சேறு. எந்தப் பந்தயத்தில் அப்படி ஒட்டும்? சாரை வாய்விட்டுத் திட்டிக்கொண்டே கழுவி, ஓட்டுநரின் பழைய பந்தயப் படத்தைப் பார்த்து, ஒரு பக்கம் கூடுதலாக இருக்கும்படி மறுபடி ஏற்றினேன். திருச்சியில் அந்த ஓட்டுநர் காரைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு சேறு கூடியிருந்த சக்கரத்தை விரலால் தொட்டு, "இந்தப் பக்கம்தான் ஓடைல எறங்கினேன்" என்றார்.

ஞானப்பிரகாசம் சாரிடமிருந்து என்னிடம் தங்கியிருப்பது அந்தக் குடைச்சல்தான். ஊரே நன்றாயிருக்கிறது என்று சொன்ன பிறகும், எங்கே தப்பு என்று தேடவைக்கும் குடைச்சல். அதற்காக நான் நன்றி சொல்லப்போவதில்லை. சொன்னால், "பாத்தியா, நான் கத்துக்குடுத்த பொண்ணு" என்று கல்லறைக்குள்ளிருந்தே பேர் வாங்கிக்கொள்வார்.