தையல்காரன் அடித்த அலுமாரி

றம்ஸீன் கலியாணம் முடித்து ஏறாவூருக்கு வந்து பதினொரு வருடம். இந்தப் பதினொரு வருடத்தில் அவன் குசினிக்குள் போன தடவைகளை இரண்டு கைவிரல்களில் எண்ணிவிடலாம். போக விடமாட்டார்கள். தண்ணீர் விடாய்த்து எழும்பினால், அவன் கதிரையைப் பின்னுக்குத் தள்ளுகிற சத்தத்திலேயே கிளாஸ் வந்துவிடும். வாளியைத் தொட்டால் குளிக்கத் தண்ணீர் நிரம்பியிருக்கும். விரால் மீன் வாங்கினால் நடுத்துண்டு அவனுக்கு. வீடு அவன் மனைவி நிஸ்மியாவுக்குச் சீதனமாகக் கொடுத்தது. அவர்களுக்கு ஒரு பிள்ளை. நிஸ்மியாவின் உம்மா ஹயாத்தும்மாவும் அந்த வீட்டில்தான் இருக்கிறார். குசினியில் அடுப்பும் பானையும் அவருடைய ஆட்சி. வீட்டுக்கு வந்த மருமகனை அவர் தங்கக் காப்பைப்போல வைத்திருந்தார். வைத்த இடத்தை விட்டு எடுப்பதே இல்லை.

இன்னொன்று, மாமி அவனோடு நேரே கதைப்பதில்லை. வழக்கம் பாதி, பிடிவாதம் பாதி. சாப்பாட்டு மேசையில் அவன் இரண்டு முழம் தள்ளி இருப்பான். மாமி சுவரைப் பார்த்துச் சொல்வார்.

"நிஸ்மியா, மருமகனுக்கு இன்னும் கொஞ்சம் சோறு போடு."

"போதும் எண்டு சொல்லு," என்பான் றம்ஸீன்.

"போதுமாம், உம்மா."

"எனக்கும் காது கேக்குது," என்பார் மாமி, அதையும் சுவருக்கே.

காத்தான்குடியில் இருக்கும் தன் மூத்த சகோதரி றஸீனா ராத்தாவிடம் அவன் ஒருநாள் சொன்னான்: "ராத்தா, பதினொரு வருஷமா விருந்துக்கு வந்து போக மறந்த ஆள் மாதிரி இரிக்கி. அந்த மனிசி ஒருக்காலாவது 'மருமகன், கடைக்குப் போய் ஒரு தேங்காய் வாங்கிட்டு வாங்க' எண்டு சொன்னா நான் இந்த வீட்டு ஆள் எண்டு நம்புவன்." ராத்தா சிரித்தாலும் அதை மறக்கவில்லை. அவன் சின்ன வயதிலேயே அப்படித்தான். கேட்பது சின்னதாக இருக்கும், கிடைக்காவிட்டால் விடமாட்டான்.

படிப்பு அவனுக்குச் சாதாரண தரப் பரீட்சையோடு நின்றுபோனது. ஆனால் கை படித்த கை. பதினாறு வயதில் தையல் பழகி, இருபத்திரண்டில் சொந்தமாகக் கடை போட்டான். கடை திறந்த அன்று ராத்தா ஒரு மஞ்சள் நிற அளவுநாடா வாங்கிக் கொடுத்தாள். அதன்பின், கடை ஏறாவூருக்கு மாறிய பிறகும், அந்த நாடா அவன் கழுத்தை விட்டு இறங்கவில்லை. அவன் தைத்த சட்டையில் பிழை பிடித்தவர்கள் ஏறாவூரில் இல்லை. இப்றாஹிம் ஒருவர் மட்டும் கணக்கில் சேரமாட்டார். அவர் டோஹாவில் வேலை செய்பவர், போனில் அளவைச் சொல்லித் தைப்பிப்பவர். அவருக்கு மட்டும் எல்லாம் கொஞ்சம் தொளதொளவென்றுதான் வரும். வெயிலில் மெலிகிறார் என்று றம்ஸீன் சொல்ல, அவருடைய உம்மா அழுதழுது பலகாரப் பொதி அனுப்பிக்கொண்டிருந்தார்.

அலுமாரிக் கதை ஒரு மீனால் தொடங்கியது. குசினியில் சீமெந்துத் தட்டுக்குக் கீழே கதவு எதுவும் இல்லை. றம்ஸீன் தைத்துக் கொடுத்த பூப்போட்ட திரைச்சீலைதான் தொங்கியது. ஒரு வெள்ளிக்கிழமை உயிரோடு வாங்கிய விரால் ஒன்று தண்ணீர்ப் பேசினிலிருந்து துள்ளித் திரைச்சீலைக்குப் பின்னால் போய்விட்டது. இது தெரியாமல் மாமி அரிசிப் பானையை எடுக்கக் கையை விட்டார். கையில் வழுவழுவென்று ஏதோ நெளிந்தது. "பாம்பு" என்று அவர் போட்ட சத்தத்தில் ஒழுங்கையில் பாதி வீட்டார் தடியோடு வந்துவிட்டார்கள். எட்டுப் பேர் சேர்ந்து, பகல் சாப்பாட்டுக்கு வாங்கிய மீனை அடித்துக் கொன்றார்கள்.

அன்று பின்நேரமே மாமி தீர்ப்புச் சொன்னார். "நிஸ்மியா, செங்கலடி யோகராசா ஓடாவிக்கு ஒரு போன் கோல் எடு. கீழுக்குக் கதவு போட்ட அலுமாரி அடிக்கோணும்."

முன் அறையிலிருந்து றம்ஸீன் குரல் கொடுத்தான். "தச்சுவேலைக்கு ஓடாவி என்னத்துக்கு? நான் அடிச்சுத் தாறன் எண்டு சொல்லு."

குசினியில் ஒரு சட்டி டங்கென்று வைக்கப்பட்டது. பிறகு, "அவர் தைக்கிறவர் எண்டு சொல்லு."

"அளவெடுக்கிற, வெட்டுற, பொருத்துற. சட்டையும் அதுதானே எண்டு சொல்லு."

"ரெண்டு பேரும் சேர்ந்து எனக்கொரு சம்பளம் போடுங்க," என்றாள் நடுவாசலில் நின்ற நிஸ்மியா.

ஓட்டமாவடியில் இருக்கும் மாமியின் சகோதரிக்குக் கண் ஒப்பரேஷன். மாமி அங்கே மூன்று கிழமை, இருபத்தொரு நாள், நிற்கவேண்டியிருந்தது. போகும்போது முச்சக்கர வண்டியில் ஏறி இருந்துகொண்டு மகளிடம் சொன்னார்: "வரக்குள்ள யோகராசாவையும் ஏத்திட்டுத்தான் வருவன். வேலை சரியெண்டா அவர் தேத்தண்ணி குடிச்சிட்டுப் போவார். பிழையெண்டா எல்லாத்தையும் கழட்டுவார்." றம்ஸீன் பக்கத்தில்தான் நின்றான். இந்த வீட்டில் அவனுடைய கையால் ஒன்று நிற்குமா, கழன்று முற்றத்துக்கு வருமா என்பது அந்த மூன்று கிழமையில் இருந்தது.

அன்றைக்கே அளவெடுத்தான். சுவருக்குச் சுவர் மூன்று தடவை நாடாவைப் பிடித்துப் பார்த்து, கடை அளவுப் புத்தகத்தில் ஒரு பக்கம் ஒதுக்கினான். பெயர்: குசினி. நீளம்: நூறு அங்குலம். உயரம்: முப்பது. புத்தகத்தில் அச்சடித்த கட்டங்களை வெறுமையாக விட அவனுக்கு மனம் வரவில்லை. கழுத்து என்ற கட்டத்தில் 'இல்லை' என்று எழுதினான். கை என்ற கட்டத்திலும் அப்படியே.

இருபது அங்குல அகலத்தில் ஐந்து பெட்டி, ஐந்து கதவு என்பது கணக்கு. பெட்டிக்குரிய பலகைகளை, பலகை விற்கும் மரக்காலையில் மெஷினில் வெட்டுவித்தான். முன்பக்கம் தன் கைவேலையாகத்தான் இருக்கவேண்டும் என்று கதவுகளை வீட்டிலேயே வெட்டினான். துணிக்குக் கோடு போடும் சோக்கால் பலகையில் கோடு போட்டான். முதல் வெட்டு சட்டைக் கைக்குழிபோல வளைந்து போனது. அந்தத் துண்டை நிஸ்மியா மீன் வெட்ட எடுத்துக்கொண்டாள்.

குண்டூசியை உதட்டில் கவ்விக்கொண்டு வேலை செய்து பழகியவன், ஸ்க்ரூ ஆணிகளையும் அப்படியே கவ்விக்கொண்டான். மூன்றாம் நாளைக்கு, ஒரு ஆணியும் விழாமல் "சாப்பாடு பிறகு" என்று சொல்லக்கூடிய அளவுக்குத் தேறிவிட்டான். முதல் பெட்டி, வளைவில் திரும்பும் கல்முனை பஸ்போல ஒருபக்கம் சாய்ந்து நின்றது. அவன் பதறவில்லை. பிழைத்ததைப் பிரித்துத் தைப்பதில் தையல்காரனுக்கு வெட்கம் கிடையாது. அந்தப் பெட்டியை மூன்று தடவை பிரித்தான், நாலாம் தடவை நேரே நின்றது. மற்ற நாலும் ஒரே தடவையில் நின்றன.

பதினேழாம் நாள் ஐந்து பெட்டிகளையும் தட்டுக்குக் கீழே தள்ளிச் சேர்த்தான். கடைசிப் பெட்டிக்கும் சுவருக்கும் இடையில் நிஸ்மியாவின் இரண்டு விரல் தாராளமாகப் போனது. அளவு ஒன்றேகால் அங்குலம் கட்டை.

"கதவப் போட்டா மறையும்," என்றான். பிணைச்சல் பூட்டிக் கதவுகளைப் போட்டான். முதல் கதவைச் சாத்தினான், இரண்டாவது திறந்தது. இரண்டாவதைச் சாத்த மூன்றாவது திறந்தது. இரண்டு கையாலும் ஒரு முழங்காலாலும் மூன்று கதவை அமத்திப் பிடித்துக்கொண்டு நாலாவதைத் தலையால் தள்ளினான். முதலாவது திறந்து அவன் இடுப்பில் இடித்தது. நிஸ்மியா சிரித்துச் சிரித்துத் தரையில் இருந்துவிட்டாள்.

மரக்காலைக்காரர்தான் பிழையாக வெட்டியிருக்கிறார் என்று அவன் ஒரு பலகையையும் எடுத்துக்கொண்டு சண்டைக்குப் போனான். அங்கிருந்தவர் சண்டை பிடிக்கவில்லை. தன் இரும்பு டேப்பை மேசையில் நீட்டிவிட்டு, "றம்ஸீன் நானா, உங்கட டேப்பப் பக்கத்தில வைங்க," என்றார். மஞ்சள் நாடாவின் அறுபது, இரும்பு டேப்பின் அறுபதே முக்காலில் போய் நின்றது.

பதினெட்டு வருடமாக எத்தனை வயிற்றைச் சுற்றி இழுத்த நாடா. அது இழுபட்டுவிட்டது. திரும்பி வரும் வழியெல்லாம் அவனுக்கு வேர்த்தது. அப்படியென்றால் இத்தனை காலமும் தைத்தவை? யோசித்துப் பார்த்தான். ஆளையும் அதே நாடாவால் அளந்தான், துணியையும் அதே நாடாவால் அளந்தான். ஆகவே பிழையில்லை. ஒரேயொருவர் மட்டும் தன்னைத் தானே வேறு நாடாவால் அளந்து போனில் சொன்னார். இப்றாஹிம் மெலியவே இல்லை.

ராத்தாவுக்குக் கோல் எடுத்தான். "ராத்தா, நீங்க தந்த டேப்பு நீண்டுபோச்சி."

"நான் தரக்குள்ள அறுபது அங்குலந்தான் இரிந்த," என்றாள் ராத்தா. "நீ பெரிய ஆக்கள்ட வயித்தில கட்டி இழுத்ததுக்கு நான் என்ன செய்ற? எத்தனை நாள் கிடக்கு?"

"நாலு."

"அப்ப என்னோட கதைச்சிட்டு நிக்காம போய் வேலையப் பாரு."

அடுத்த நாள் கடையில் ஒரு பெண் கலியாண வீட்டுக்குப் போட வைத்திருந்த சட்டையோடு வந்தாள். பக்கம் இறுக்கம். றம்ஸீன் வழமைபோலத் தையலைப் பிரித்து, இடையில் அதே துணியில் ஒரு ஒட்டுத்துண்டு வைத்துத் தைத்தான். பாதியில் மெஷின் நின்றது. அவன் சட்டையைப் பார்த்தபடி இருந்தான்.

வீட்டுக்கு வந்து இரும்பு டேப்பால் எல்லாவற்றையும் மறுபடி அளந்தான். பெட்டி மரக்காலை அளவு: சரியாக இருபது. கதவு அவனுடைய நாடா அளவு: இருபதேகால். ஐந்து கால் சேர்ந்தால் ஒன்றேகால். சுவரில் கிடக்கிற இடைவெளியும் ஒன்றேகால். கதவுகள் சுவருக்குச் சரியாக இருந்தன, பெட்டிகள்தான் இறுக்கத் தைத்த சட்டை. ஒவ்வொரு பெட்டிக்கும் பக்கத்தில் கால் அங்குல ஒட்டு ஒன்று வைத்தால் பெட்டியும் சுவரைத் தொடும், கதவும் தன் இடத்தில் நிற்கும்.

"நிஸ்மியா, அலுமாரிக்கு ஒட்டுப் போடப் போறன்," என்றான். அவள் அவன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

கால் அங்குலப் பலகையில் ஐந்து துண்டு வெட்டினான். அவற்றின் முன் ஓரத்துக்கு மெரூன் நிறம் அடித்தான். பெட்டிகளைக் கழற்றி, நாலு துண்டை இடையிலும் ஒன்றைச் சுவரோரத்திலும் வைத்துப் பூட்டினான். கதவோரங்கள் உரசாமல் சாண்ட் பேப்பரால் தேய்த்தான். முதல் கதவைச் சாத்திவிட்டு மூச்சை அடக்கிக்கொண்டு நின்றான். இரண்டாவது அசையவில்லை. மிச்சமிருந்த பலகையில் மேலுக்கும் ஒரு தட்டு அடித்து, நிஸ்மியாவைக் கை நீட்டச் சொல்லி, அவள் கை எட்டிய உயரத்தில் சுவரில் பூட்டினான்.

சொன்ன நாளில் மாமி வந்து இறங்கினார். பின்னால் யோகராசா ஓடாவி கருவிப் பையோடு இறங்கினார். பையிலிருந்து ஒரு கடப்பாரையின் நுனி தெரிந்தது.

ஓடாவி குனிந்து கதவுகளை ஒவ்வொன்றாகத் திறந்து சாத்தினார். பிணைச்சலை ஆட்டிப் பார்த்தார். றம்ஸீன் உதட்டில் ஆணி இல்லாவிட்டாலும் இருப்பதுபோல வாயை இறுக்கிக்கொண்டு நின்றான்.

"இந்தச் சிவப்புக் கோடு என்னெண்டு கேளு," என்றார் மாமி மகளிடம்.

"அது பைப்பிங்," என்றான் றம்ஸீன். "கழுத்துப் பட்டிக்கு வைக்கிற மாதிரி."

ஓடாவி ஒரு கோட்டை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். பிறகு றம்ஸீனின் காதருகே வந்து மெதுவாகக் கேட்டார். "தம்பி, எவ்வளவு கட்டையாப் போச்சுது?"

"ஒண்டேகால்."

"எனக்கு ஒருக்கா கரடியனாத்தில மூண்டு அங்குலம் போச்சுது. நான் பலகையில பூச் செதுக்கி மறைச்சன்." நிமிர்ந்து, மாமிக்குக் கேட்கும்படி சொன்னார்: "உம்மா, இதில கழட்ட ஒண்டுமில்ல. எனக்கொரு தேத்தண்ணி தாங்க."

மாமி தானும் ஒரு கதவைத் திறந்தார், சாத்தினார், மறுபடி திறந்தார். "பரவாயில்ல எண்டு சொல்லு," என்றார் சுவரைப் பார்த்து.

அலுமாரி நின்றது. ஆனால் அந்தச் சொல்லும் சுவர்வழிதான் வந்தது. றம்ஸீன் அன்றிரவு நடுத்துண்டு மீனைத் தின்றான். ருசிக்கவில்லை.

மூன்றாம் நாள் காலை நிஸ்மியா பிள்ளையைப் பள்ளியில் விடப் போயிருந்தாள். றம்ஸீன் கடைக்குப் போகச் சட்டை பூட்டிக்கொண்டிருந்தான். குசினிக்குள் முக்காலி இழுபடுகிற சத்தம், பிறகு ஒரு பெருமூச்சு. மாமிக்கு நிஸ்மியாவைவிட ஒரு சாண் உயரம் குறைவு. மேல்தட்டில் வைத்த மாச்சட்டி எட்டவில்லை, முக்காலியில் ஏற முழங்கால் விடவில்லை. சுவருக்குச் சொன்னால் சுவர் எடுத்துத் தராது.

"மருமகன்."

அவன் பொத்தானில் கைவைத்தபடி நின்றான். வேறு யாரையாவது கூப்பிடுகிறாரோ என்று பின்னால் திரும்பிக்கூடப் பார்த்தான்.

"மருமகன், இஞ்ச வந்து இந்தச் சட்டிய எடுத்துத் தாங்க."

அதன்பின் நாளுக்கு நாலைந்து தடவை அந்தக் குரல் வந்தது. மேலிருந்து எடுக்க ஒரு தடவை, திரும்ப வைக்க ஒரு தடவை. தட்டை ஒரு சாண் இறக்கிப் பூட்டினால் உம்மாவுக்கு எட்டுமே என்று நிஸ்மியா சொன்னாள். "அது அளவாத்தான் இரிக்கி," என்றான் றம்ஸீன். கடைக்குப் புது டேப் வாங்கினான். அடுத்த தடவை டோஹாவுக்குப் போன சட்டை அளவாக இருந்தது. மகன் உடம்பு தேறிவிட்டான் என்று இப்றாஹிமின் உம்மா கடைக்கே வந்து ஒரு தட்டு தொதல் பலகாரம் கொடுத்துவிட்டுப் போனார். றம்ஸீன் அதை வாங்கி வைத்துவிட்டுப் புது டேப்பைச் சுருட்டினான்.

போன மாதம் ஒரு பின்நேரம் ராத்தாவுக்கு அவனிடமிருந்து கோல் வந்தது. மூச்சு வாங்கக் கதைத்தான்.

"ராத்தா, மாமி தேங்காய் வாங்கிட்டு வரச் சொன்னா. போய் வாங்கிட்டு வந்தன்."

"பிறகு?"

"உடைச்சா உள்ளுக்கு அழுகல். 'தட்டிப் பார்த்து வாங்கத் தெரியாதா உங்களுக்கு? அளவெடுக்க மட்டுந்தான் தெரியுமா?' எண்டு நல்லா ஏசிட்டா. நேர என்ட மூஞ்சியப் பார்த்து ஏசினா, ராத்தா."

"அல்ஹம்துலில்லாஹ்," என்றாள் ராத்தா.