லிங்கம் ஒட்டிய மெழுகு

சென்ற செவ்வாய்க்கிழமை காலை ஒரு காரின் சைலன்சரைக் கழற்றிக்கொண்டிருந்தபோது லிங்கத்தின் மனைவி பார்வதி போன் செய்தார். "அண்ணாச்சி, அவுக எந்திரிக்கல" என்றார். லிங்கம் தூக்கத்திலேயே போய்விட்டார். ஆரியசாலையில் பழைய வண்டி வைத்திருப்பவர்கள் எல்லோருக்கும் லிங்கத்தைத் தெரியும். வண்டியின் பாரம் தாங்கும் லீஃப் ஸ்பிரிங் பட்டை வேலையில் அவரை மிஞ்ச ஆளில்லை. பக்கத்துக் கடையில் இருபத்திரண்டு வருடம் சைலன்சர் பற்றவைத்தவன் நான். உங்களுக்குத் தெரியாத ஒன்றை நான் சொல்லியாக வேண்டும்.

எட்டு வருடங்களுக்கு முன், என் பழைய அம்பாசடருக்கு நானே புதிய புகைக்குழாய் வைத்தேன். நான்கு மாதம் கழித்து ஒரு மாலை, வண்டியைக் கடந்து போன லிங்கம் நின்று மோந்து பார்த்தார். பின்சக்கரத்தின் ஸ்பிரிங் பட்டையில் பெயின்ட் கருகியிருந்தது. குழாய் அதற்கு மிக அருகில் போகிறது என்றார். ஸ்பிரிங்கைச் சுற்றிச் சூடு தாங்கும் துணியைக் கட்டிவிடலாம் என்றேன். அவர் சிரித்தார். "போத்தி விட்டா சூடும் உள்ளயே இரிக்கும், மழத்தண்ணியும் உள்ளயே இரிக்கும். காத்துப் போக வழி விடுங்க, அது மதி, வேற ஒண்ணும் வேண்டாம்" என்று, குழாய்க்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவே, இரண்டையும் தொடாமல், ஒரு தகட்டை முடுக்கினார்.

மறுநாள் காலை என் மகள் செல்விக்கு நாகர்கோவிலில் வளைகாப்பு. ஏழு மாதம். எட்டரைக்குள் புறப்பட வேண்டும் என்று என் மனைவி நேரம் குறித்து வைத்திருந்தாள். லிங்கத்துக்கு ஒரு பழக்கம் உண்டு. தகடு வைத்த வண்டியின் ஸ்பிரிங்கில் மெழுகுவர்த்தியை உருக்கி ஒரு பொட்டு ஒட்டுவார். கோவளம் வரை ஓட்டிவிட்டு வருவார். சூடு படாமல் மெழுகு அப்படியே இருந்தால்தான் சாவி கைக்கு வரும்.

அன்று அவர் திரும்பி வந்தபோது மணி எட்டு இருபது. வண்டி நின்றதுமே மனைவி செல்வியைப் பின்சீட்டில் ஏற்றிவிட்டாள். லிங்கம் அடியில் குனிந்து பார்த்தார். மெழுகு இருந்த இடத்தில் உருகி வழிந்த பிசுக்கு மட்டும். சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"வண்டி இப்ப போகண்டா, அண்ணாச்சி."

எனக்குச் சுரீரென்று கோபம் வந்தது. "என் வேலைய சந்தேகப்படுதீரா?"

"ஒங்க வேலைய இல்ல. சூட்டத்தான்."

எட்டு இருபத்தைந்து. மனைவி வண்டிக்குள்ளிருந்து அவரைத் திட்ட ஆரம்பித்தாள். அவர் செல்வியை இறங்கச் சொன்னார்; பின்னாலேயே மனைவியும் இறங்கினாள். ஜாக்கி வைத்து ஏற்றினோம். இருவரும் அடியில் படுத்தோம். நான் பற்றவைத்த இணைப்பில் ஒரு கசிவு. சூடான புகை நான்கு மாதமாக நேரே ஸ்பிரிங்கின் மீது அடித்திருக்கிறது. தகட்டின் ஓரத்தைத் தாண்டி இப்போதும் அடிக்கிறது. லிங்கம் என் விரலைப் பிடித்து மேல்பட்டையின் அடிப்பக்கத்தில் வைத்தார். முடி அளவு விரிசல். போகும் வழியில், பாறசாலை லாரிகளுக்கு நடுவே அந்தப் பட்டை முறிந்திருந்தால்?

நான் எழுவதற்குள் அவர் வெளியே போய்விட்டார். "நான் வச்ச தகடு சரியா இரிக்கல. தப்பு எனக்குத்தான். வேற வண்டில போங்க" என்று அவர் சொல்வது எனக்குக் கேட்டது. என் மனைவி நல்ல நேரத்தைக் கெடுத்த பாவி என்றாள். நான் வண்டிக்கு அடியிலேயே கிடந்தேன். வாடகைக் காரில் நாகர்கோவில் போய்த் திரும்பிய அன்று மாலை அவரிடம் ஏன் அப்படிச் சொன்னீர் என்று கேட்டேன். "சாரமில்ல அண்ணாச்சி, விடுங்க. ஒங்க கைய நம்பித்தானே நாலு பேர் வண்டி விடுறாங்க" என்றார். பிறகு அதைப் பற்றி அவர் பேசவே இல்லை. நானும்தான், வெட்கமில்லாமல்.

செவ்வாய்க்கிழமை அவர் வீட்டில் செல்வி பார்வதியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "ஒரு தகடு சரியா வைக்காததுக்கு அம்மாட்ட எவ்வளவு ஏச்சு வாங்கினாங்க மாமா, பாவம்" என்றாள். பார்வதி தலையாட்டினார். நான் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்போதும் வாய் திறக்கவில்லை.

இப்போது சொல்கிறேன். பிழை என்னுடையது. அவருடைய மெழுகுவர்த்தியில் மிச்சமிருந்த துண்டைப் பார்வதியிடம் கேட்டு வாங்கி என் கருவிப் பெட்டியில் வைத்திருக்கிறேன். அன்று கழற்றிய விரிசல் பட்டையும் கடையின் மூலையில், சாக்குக்குப் பின்னால், எட்டு வருடமாக இருக்கிறது. நாளை செல்வியை வரச் சொல்லியிருக்கிறேன். அவள் விரலைப் பிடித்து விரிசல் மேல் வைக்கப் போகிறேன்.