ராசுவின் பிடரியில் ரெண்டு விரல்

முடி வெட்டுற வேலையில பாதி கத்தரி, மீதி கெஞ்சல். கத்தரி பிடிச்சு விரல் காய்ச்சுப் போன உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்ல. மலாயாவை ஜப்பான்காரன் பிடிச்சு வச்சிருந்த காலத்துல நான் அங்க பிரிக்பீல்ட்ஸ்ல, பாலத்துக்குப் பக்கத்துல கடை வச்சிருந்தேன். அப்போ என்னை ரொம்பக் கெஞ்ச வச்ச ஒரு தலையைப் பத்திச் சொல்றேன்.

அலறல்

ராசுவுக்கு முப்பது வயசு இருக்கும். ஆள் வாட்டசாட்டம், ஆனா நாலு வார்த்தை சேர்ந்தாப்ல சொன்னா திணறிடுவான். கூட்டிட்டு வர்றது அவன் அக்கா பாக்கியம். வீடுகளுக்குத் துணி துவைக்கிறவ. தாய் தகப்பன் போனப்புறம் அவனுக்கு எல்லாமே அவதான். முதல் நாள் வழக்கம்போலத் துணியைப் போர்த்தி, முடிவெட்டுற மிஷினைக் காதோரம் வச்சேன். பாருங்க, அப்படி ஒரு அலறல்! நாற்காலி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். எனக்கு வந்த கோபத்துல, "பிடிச்சுக்கோம்மா இவனை!"ன்னு கத்தினேன்.

பாக்கியம் பிடிக்கல. மிஷினை வாங்கி அவன் உள்ளங்கையில வச்சு நாலு தரம் அமுக்கிக் காட்டினா. அப்புறம் தன் முடியிலயே ஓரமா கொஞ்சம் வெட்டிக் காட்டினா. அவன் சிரிச்சான். மிஷினை என்கிட்ட நீட்டிட்டுச் சொன்னா: "சொல்லிட்டுச் செய்யுங்கண்ணே. சொல்லாம கொள்ளாம உங்க தலையில யாராச்சும் இரும்பை வச்சா சும்மா இருப்பீங்களா?"

கிராணியாரின் யோசனை

ரயில்வே ஆபீஸ்ல கணக்கு எழுதுற கிராணி ஒருத்தர் வாரம் தவறாம சவரத்துக்கு வருவார். படிச்ச மனுஷன், எல்லாத்துக்கும் ஒரு யோசனை வச்சிருப்பார். பெஞ்சில ராசு இருந்தா தள்ளிப் போய் நிப்பார். ஒரு நாள் பாக்கியத்துக்கிட்டயே, "இந்தப் பைத்தியத்தை எங்கயாவது ஆஸ்பத்திரியில விட்டுடு லா, உனக்கும் நிம்மதி"ன்னார். வாடிக்கை போயிடுமேன்னு நானும் வாயை மூடிட்டு இருந்தேன். அந்த வெட்கம் இன்னும் போகல.

பாக்கியம் சத்தம் போடல. அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னா: "பைத்தியம் இல்லீங்க ஐயா. பிறவியிலயே புத்தி கொஞ்சம் மெதுவா நடக்கும். நாம மெதுவா நடந்தா கூடவே வந்துடுவான்."

விளக்குமாறு சிப்பாய்

பாலத்துல ஜப்பான் சிப்பாய் நிப்பான். கடக்கிறவங்க நின்னு, குனிஞ்சு வணக்கம் வைக்கணும்; இல்லேன்னா அறை. ரேஷன் அரிசிக் கடை அந்தப் பக்கம். ஆளை நேர்ல காட்டினாத்தான் ராசு பங்கு கிடைக்கும். அவனோ, சிப்பாய் கத்தினா பயத்துல இன்னும் விறைச்சுக்குவான். மூணாவது தரம் துப்பாக்கிக் கட்டையாலேயே அடி, காது வீங்கிப் போச்சு. "அடுத்த தரம் கொன்னுடுவான் அண்ணே"ன்னு பாக்கியம் என் கடை வாசல்ல உக்காந்து அழுதா.

வீங்கின காதைச் சுத்தி முடி எடுக்கிறப்பதான் எனக்குப் பொறி தட்டுச்சு. பின்கழுத்துல மிஷின் ஓட்டறதுக்கு முன்னாடி அவன் பிடரியில ரெண்டு விரல் வைப்பேன். அவன் தானா குனிஞ்சுக்குவான். "தங்கச்சி, இதையே பாலத்துல செய்யேன்!"னேன். கடைக்குள்ளயே நடந்து நடந்து பழகினோம். நான்தான் சிப்பாய், விளக்குமாறுதான் துப்பாக்கி. மறுநாள் ரெண்டு பேரும் அடி வாங்காம அரிசியோட வந்தாங்க. ராசு என்னை மேலயும் கீழயும் பார்த்துச் சொன்னான்: "அண்ணே நல்ல ஜப்பான். அவன் கெட்ட ஜப்பான்."

நடுங்கின தாடை

கிராணியாரை ஒரு நாள் அதே பாலத்துல, ஆபீஸ் ஆளுங்க பார்க்கவே சிப்பாய் அறைஞ்சுட்டான். குனிஞ்சது போதாதாம். அப்புறம் மனுஷன் சரியா தூங்கறதில்ல, சாப்பிடறதில்லன்னு கேள்வி. சவரத்துக்கு வந்து உக்காந்தார். தாடை நடுங்குது, நிக்கவே மாட்டேங்குது. கத்தியை எங்க வைக்கிறது? பெஞ்சிலிருந்து ராசு எழுந்து வந்தான். அவன் பயந்தா அக்கா என்ன செய்வாளோ அதையே செஞ்சான்: அவர் கையை எடுத்துத் தன் ரெண்டு கைக்குள்ள வச்சுக்கிட்டு சும்மா நின்னான். கொஞ்ச நேரத்துல நடுக்கம் அடங்குச்சு. நான் சவரத்தை முடிச்சும் கிராணியார் எழுந்திரிக்கல, மெல்லமா சொன்னார்: "இவனைக் கையை எடுக்கச் சொல்லாதய்யா. இன்னும் கொஞ்ச நேரம்."

தனியா ஒரு நாள்

பாக்கியம் குளிர்காய்ச்சல்ல படுத்துட்டா. அன்னைக்குக் கிராணியாருக்குப் பாதி முகம் முடிச்சிருந்தேன். வாசலைப் பார்த்தா, ராசு பையைத் தூக்கிட்டுத் தனியா பாலத்துக்குப் போறான். பிடரியைத் தொட ஆள் இல்ல! எனக்கு உயிரே போச்சு. அப்படியே ஓடினேன். சோப்பு முகத்தோட கிராணியார் பின்னாலயே வந்து என் இடுப்பைக் கட்டிப் பிடிச்சார்: "கத்தியைக் கீழ போடுய்யா, மடையா! சுட்டுடுவான்!" குனிஞ்சு பார்த்தா, சவரக்கத்தி என் கையிலயே இருக்கு.

அதுக்குள்ள சிப்பாய் கத்த ஆரம்பிச்சுட்டான். ராசு விறைச்சு நின்னான். அப்புறம் அவன் மெதுவா கையைத் தூக்கி, தன் பிடரியில தானே ரெண்டு விரலை வச்சுக் குனிஞ்சான். சிப்பாய் போன்னு கையைக் காட்டினான். அரிசியோட திரும்பினவனை ரெண்டு பேரும் கட்டிப் பிடிச்சுக்கிட்டோம். எங்களுக்கு என்ன ஆச்சுன்னு அவனுக்கு விளங்கல, பொறுமையா எடுத்துச் சொன்னான்: "அக்காவுக்குக் காய்ச்சல். அதான் நானே தொட்டுக்கிட்டேன்."

கண்ணு கலங்கினா அந்தக் காலத்து மட்டச் சோப்பு மேல பழியைப் போட்டுத் தப்பிச்சுக்கலாம் பாருங்க, நம்ம தொழில்ல இருக்கிற ஒரே வசதி அதுதான்.