வாழை மறைத்திருந்த எல்லைக்கல்

புலாவ் திக்குஸ் என்ற ஊரில் நாங்கள் வாங்கிய வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவே வேலி கிடையாது. அவர்கள் வைத்த வாழை வரிசைதான் எல்லை. வாழை வைத்த இடத்திலேயே நிற்குமா? பக்கக்கன்று விட்டு விட்டு, சில வருடங்களில் எங்கள் துணிக்கொடி வரைக்கும் வந்துவிட்டது.

என் கணவர் கப்பல் கம்பெனியில் கணக்கெழுதும் கிராணி. எதிலும் கறாரான மனிதர். பக்கத்து வீட்டு அண்ணன் துறைமுகத்தில் ஆட்களை வேலை வாங்கும் தண்டல். அவர் வீட்டுக்குள் பேசினால் எங்களுக்கும் கேட்கும். ஒருநாள் என் கணவர் கொடியருகே முளைத்த கன்றுகளை வெட்டிப்போட, அண்ணன் ஓடிவந்தார்.

"யாரக் கேட்டு வெட்டுனீங்க கிராணியாரே?"

"என் நெலத்துல நின்னுச்சு, வெட்டுனேன்."

"என் வாழ எது வரைக்கும் நிக்குதோ, அது வரைக்கும் என் நெலம் லா!"

"அப்போ அடுத்த வருசம் எங்க அடுப்பங்கரையும் உங்களுதா?"

அதோடு பேச்சு நின்றது. அவர் மனைவியும் நானும்கூட ஒருவருக்கொருவர் முதுகைக் காட்டிக்கொண்டு துணி உலர்த்தினோம். பத்திரத்தில் எல்லைக்கல் உண்டென்று இருந்தது, தேடியும் கிடைக்கவில்லை. பீச் ஸ்ட்ரீட் வக்கீலைப் பார்த்துவிட்டு வந்த என் கணவர், திங்கட்கிழமை வழக்குப் போடப்போவதாகச் சொன்னார். எனக்குச் சோறு இறங்கவில்லை. ஜெயித்தாலும் இவர்களுக்குப் பக்கத்தில்தானே குடியிருக்க வேண்டும்?

அந்த வாரக் கடைசியில் அடித்த காற்றில் வாழைகள் வேரோடு சாய்ந்தன. காலையில் அண்ணன் தனியாக வந்து மண்வெட்டியால் கிழங்குகளைக் கிளறிக்கொண்டிருந்தார். நான் சமையலறை ஜன்னலில் நின்றேன். மண்வெட்டி எதிலோ 'டங்'கென்று மோதியது. அவர் குனிந்து கையால் மண்ணைத் தள்ளினார். சதுரமாக ஒரு கருங்கல் தலை தெரிந்தது. அவர் எங்கள் வாசலைப் பார்த்தார். தன் வீட்டைப் பார்த்தார். மண்வெட்டி நிறைய மண்ணை அள்ளினார்.

கணவரைக் கூப்பிட வாயெடுத்தேன், கூப்பிடவில்லை.

அள்ளிய மண்ணை அவர் தூரத்தில் கொட்டினார். பிறகு குரல் கொடுத்தார்.

"தங்கச்சி! கிராணியார வரச் சொல்லும்மா. கல்லு கெடச்சிருச்சு."

கல் அவர் பக்கமாகத் தள்ளி இருந்தது. வாழை வரிசை முழுவதும் எங்கள் நிலத்தில்தான்.

"வைக்கும்போதே தள்ளி வச்சிட்டேன் போல," என்றார் அண்ணன். முகத்து வேர்வையைத் துண்டால் துடைத்தார். "மூடிடலாமான்னு ஒரு நிமிசம் தோணுச்சு தம்பி. மனசு வரல லா."

நான் பார்த்ததைச் சொல்லவில்லை. மாதக்கணக்காக வாதங்களைச் சேர்த்து வைத்திருந்த என் கணவரோ கல்லையே சுற்றிச் சுற்றி வந்தார். சட்டைப் பொத்தானைத் தேடித் தேடிப் போட்டார்.

"நல்ல கன்னா எடுத்து உங்க பக்கம் நட்டுக்குங்கண்ணே," என்றார் கடைசியில். "கிழங்கு கனமா இருக்கும். நானும் ஒரு கை புடிக்கிறேன்."

இருவரும் மதியம் வரை சேற்றில் கிடந்தார்கள். வக்கீலிடம் யாரும் போகவில்லை. அன்று நான் வயிறாரச் சாப்பிட்டேன். சாப்பிட்ட கையோடு தூங்கியும் போனேன்.

கதவு தட்டும் சத்தத்தில்தான் விழித்தேன். அண்ணன் மனைவி நின்றிருந்தாள்.

"என்னக்கா, பட்டப்பகல்ல தூக்கம்?" என்று கேட்டபடி, என் பதிலுக்குக் காத்திராமல் உள்ளே வந்து உட்கார்ந்தாள்.